எட்டடி நகர்ந்த வரப்பு

என் கைபேசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் கேட்காமலேயே பழைய படங்களை எடுத்து ஒட்டி, பின்னணியில் ஒரு பாட்டையும் ஓடவிட்டு, ‘உங்கள் நினைவுகள்’ என்று நீட்டும். பெரும்பாலும் உருப்படாத படங்களாகத்தான் இருக்கும். யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் எடுத்த இலை, கை தவறி அமுக்கிய செருப்பு. ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது எனக்கு நீட்டியது வேறு.

பூப்பந்து ஆடி முடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் வடை. திரையில் நான். எட்டு வருஷத்து நான், வரிசையாக. ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் வயலில் மண்வெட்டியோடு நின்று வரப்பு வெட்டும் காணொளிகளில் இருந்து இரண்டிரண்டு விநாடி வெட்டி எடுத்துச் சேர்த்திருந்தது. முதல் வருஷத்தில் பனியனுக்கு வெளியே தொங்கிய தொப்பை, கடைசி வருஷத்தில் காணாமல் போயிருந்தது. பெருமையில் இன்னொரு முறை ஓடவிட்டேன். இரண்டாம் முறைதான் கம்பம் கண்ணில் பட்டது.

முதல் காணொளியில் மின்கம்பம் வரப்பின் மேல் நிற்கிறது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அதில் ஒரு கையை ஊன்றியிருக்கிறேன். அடுத்ததில் கம்பத்துக்கும் எனக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கைபேசியை நான் எப்போதும் மோட்டார் கொட்டகையின் ஜன்னல் கட்டையில், செங்கல் பெயர்ந்த அதே பள்ளத்தில்தான் சொருகி வைப்பேன். அதனால் படத்தின் சட்டகம் மாறவே இல்லை. கம்பம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்க, பாட்டுக்கு ஏற்றபடி நானும் வரப்பும் வருஷத்துக்கு ஒரு தாவு, வலதுபக்கம் தாவிக்கொண்டே போனோம். கடைசிப் படத்தில் கம்பம் எங்கள் வயலுக்குள் தனியாக நின்றது. அதற்கும் வரப்புக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம்.

கம்பம் நடக்காது. சிமெண்டுக் கம்பம். அப்படியானால் நடந்தது எது?

வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். என் கைக்கடிகாரம் ஒருமுறை அதிர்ந்தது. இதயத் துடிப்பு ஏறியிருப்பதாகவும், நான் உடற்பயிற்சி தொடங்கிவிட்டேனா என்றும் அது கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

நான் திருவாரூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நாற்காலி உத்தியோகம் பார்க்கிறவன். முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பணம் கட்டி ஜிம்முக்குப் போகச் சொன்னார்கள். வயல் இருக்கிறவனுக்கு ஜிம் எதற்கு என்று மண்வெட்டியைத் தூக்கினேன். அதுதான் என் பொழுதுபோக்காக ஆனது. காலையில் ஊர் மைதானத்தில் பூப்பந்து, தண்ணீர் வருகிற சமயத்தில் வரப்பு வேலை. மணிக்கட்டில் ஒரு கடிகாரம் கட்டி, எத்தனை கலோரி எரிந்தது என்று பார்ப்பேன். காணொளி எடுத்து எங்கள் பூப்பந்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பத்துப் பேர் இருக்கும் அந்தக் குழுவில் என் வரப்பு வேலைக்கு இருந்த மதிப்பு என் பந்தடிக்கு இருந்ததில்லை.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வரப்பின் பக்கச்சுவரில் புல் மண்டும், நண்டு வளை போடும். உழவுக்கு முன்னால் அந்தப் பக்கத்தை மண்வெட்டியால் மெலிதாகச் சீவி எடுப்போம். இதற்குப் பெயர் அண்டை வெட்டுவது. வயலைச் சேறாக்கிய பிறகு அந்தச் சேற்றை அள்ளி, சீவிய இடத்தில் திரும்ப அணைத்து மெழுக வேண்டும். சீவியது எவ்வளவோ அணைப்பதும் அவ்வளவு. அப்படிச் செய்தால் வரப்பு வருஷக்கணக்கில் போட்ட இடத்தில் கிடக்கும்.

எனக்குச் சீவுவது பிடிக்கும். தோளுக்கு மேலே போய்ச் சத்தத்தோடு இறங்கும் மண்வெட்டி, வழியும் வியர்வை, கடிகாரத்தில் ஏறும் எண்கள். அணைப்பது பிடிக்காது. குனிந்தே இருக்க வேண்டும், இடுப்பு விட்டுப்போகும், காணொளியில் பார்க்கவும் நன்றாக இருக்காது. அதனால் ஒரு பிடி சீவ வேண்டிய இடத்தில் அரை முழம் சீவினேன். அணைப்பதை நான்கு கை சேற்றோடு முடித்துக்கொண்டேன். குறுவைப் பயிருக்கு ஒரு தடவை, தாளடிப் பயிருக்கு ஒரு தடவை. எட்டு வருஷம்.

வரப்பு மெலிந்தால் தண்ணீர் நிற்காது. அடுத்த வயல்காரன் என்ன செய்வான்? தன் வயல் சேற்றை அள்ளித் தன் பக்கத்தில் அணைப்பான். அவன் அணைத்தான். நான் இந்தப் பக்கம் வெட்டினேன், அவன் அந்தப் பக்கம் கட்டினான். அவன் கையாலேயே, அவன் மண்ணிலேயே.

டீக்கடையில் இதெல்லாம் இவ்வளவு கோர்வையாக எனக்குப் புரியவில்லை. தலையை நிமிர்த்தாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஏனென்றால் அந்த அடுத்த வயல்காரன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, மட்டையின் பிடியில் பிரிந்த நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவன் என் பள்ளித் தோழன். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அவன் அப்பா எங்கள் வயல்களில் கூலி வேலை பார்த்தவர். இவன் சிங்கப்பூர் போய் பதினோரு வருஷம் கட்டட வேலை செய்தான். திரும்பி வந்து டைல்ஸ் ஒட்டும் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறான். என் தங்கை கல்யாணத்துக்காக அப்பா ஒரு மா நிலத்தை விற்க வேண்டி வந்தபோது வாங்கியது இவன்தான். அதாவது நூறு குழி, ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குடும்பத்தின் பெயரில் பதிவான முதல் மண் அது. பட்டாவை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாசம் அவன் அப்பா கண்ணை மூடினார்.

மைதானத்தில் நானும் அவனும் ஒரே அணி. அவன் வலைக்கு முன்னால் நிற்பான், நான் பின்னால். அங்கே வாடா போடாதான். என் அப்பா இருந்த காலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் என்னை ‘நீங்க’ என்பான். அப்பா போன பிறகு வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ‘டா’ போட்டான். அதை என் பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா, மூஞ்சி செத்துப் போயிருக்கு? சக்கர எறங்கிருச்சா?” என்றான்.

“ஒண்ணுமில்லடா” என்று சொல்லிவிட்டு எழுந்து வயலுக்குப் போனேன். கைபேசி தவறாகக் காட்டுகிறது, ஏதோ கோணக் கோளாறு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். கோடை உழவு போட்ட வயல் காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. கம்பத்தடியில் குதிகாலை வைத்து, அடிமேல் அடி வைத்து வரப்பை நோக்கி அளந்தேன். எட்டு அடி, அதற்கு மேல் கொஞ்சம். நம்ப முடியாமல் திரும்பி வரப்பிலிருந்து கம்பத்துக்கு அளந்தேன். அதே எட்டு.

அங்கே நின்றபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அடித்தது. டிராக்டர்காரர் மூன்று வருஷமாகக் கம்பத்தைச் சுற்றி ஓட்டுவது ரோதனையாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். நான் சும்மா இருப்பேனா? மின் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். விவசாயியின் வயலுக்கு நடுவே கம்பம் நட்டு இடையூறு செய்திருப்பதாகவும், உடனே அகற்ற வேண்டும் என்றும் எழுதினேன். கம்பம் இரு வயல்களுக்கும் இடையிலான வரப்பின் மேல்தான் உள்ளது, மாற்றத் தேவையில்லை என்று அவர்கள் பதில் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, வந்து பார்க்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று கிண்டல் செய்தேன். நண்பனும் சிரித்தான். அவர்கள் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் சரி.

இன்னொன்று. அவன் நிலம் வாங்கிய முதல் வருஷம் நாற்று பற்றவில்லை. என் நாற்றங்காலில் இருந்து இரண்டு முடி நாற்றுக் கட்டு கேட்டு வாங்கிப்போனான். பிறகு பிறகு மீந்தது. நடவுப் பெண்கள், “என்னண்ணே, ஒங்க வயலு நடவு வருஷா வருஷம் சீக்கிரமே கரையேறிருது” என்று சொல்ல, “நீங்க சூட்டிகையாயிட்டீங்க” என்று இவன் பதில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். போன வருஷம் மீந்த ஆறு முடி நாற்றை எனக்குக் கொடுத்தான். வீணாக வேண்டாம், நீ நட்டுக்கோடா என்றான். நான் அதை எங்கே நட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். கம்பத்துக்கும் வரப்புக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. அங்கேதான் நட்டேன்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. திருடன் என்ற சொல் எனக்குள் வந்தது. என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டேன். சொன்னதும் உடனே, தெரிந்து செய்தேனா என்று எனக்கு நானே வக்கீலாகவும் ஆனேன்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. புதன்கிழமை சர்வேயர் வரப்போகிறார்.

தன் நிலம் குறைகிறது என்று நண்பனுக்கு இரண்டு வருஷமாகவே சந்தேகம். நாற்று மிஞ்சுவது, நெல் மூட்டை குறைவது எல்லாம் சேர்ந்து அவனை அரித்தது. ஆனால் அவன் சந்தேகப்பட்டது என்னை அல்ல, தன் நிலத்துக்கு மறுபுறம் கிழக்கே இருந்த வயல்காரரை. தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜமாபந்தியில் தாசில்தாரிடம், என் நிலத்துக்கு அத்து எல்லை அளந்து காட்டுங்கள் என்று மனு கொடுத்ததும் அவரை மனதில் வைத்துத்தான். மனுவை எழுதிக் கொடுத்தது நான். அலுவலகத் தமிழ் எனக்குத்தான் வரும் என்று பெருமையோடு எழுதினேன். ‘கிழக்குப்புற நில உரிமையாளர் சிறுகச் சிறுக ஆக்கிரமித்துள்ளதாக அறிகிறேன்’ என்ற வரி என்னுடையது.

அதோடு நின்றேனா? போன குறுவையில், வாய்க்கால் மதகடியில் ஏழெட்டுப் பேர் தண்ணீருக்குக் காத்து நின்ற இடத்தில், அந்தத் தபால்காரரை மடக்கினேன். நண்பனுக்காகத்தான். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன்.

“பென்ஷன் வாங்கற ஆளு. அடுத்தவன் மண்ணத் திங்கலாமாங்க?” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நான் மம்பட்டியத் தொட்டே அஞ்சு வருஷமாச்சு தம்பி. குத்தகைக்குல்ல விட்டிருக்கேன்” என்றார்.

“அப்ப வரப்பு தானா நடந்துச்சா?” என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் மதகுப் பக்கமே வருவதில்லை. நண்பனும் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அடுத்த வயல்காரரான அவருக்கு மட்டும் பத்திரிகை வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கைபேசியைக் காட்டினேன். அவள் ஒரே முறைதான் பார்த்தாள். கம்பத்தில் விரலை வைத்து, “இது நம்ம வரப்பு மேலதானே இருந்துச்சு?” என்றாள். எட்டு வருஷம் எனக்குத் தெரியாதது அவளுக்கு ஐந்து விநாடியில் தெரிந்தது.

கைபேசியை என்னிடம் திருப்பித் தந்து, “புதன்கிழம சர்வேயர் வந்து சொல்லட்டுங்க. அப்படியான்னு கேட்டுக்கிட்டு விட்டுக் குடுத்துருவோம். நமக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். இத அழிச்சிருங்க” என்றாள்.

அவள் சொன்னது தப்பே இல்லை என்றுதான் அந்த நிமிஷம் பட்டது. நிலம் எப்படியும் அவனுக்குப் போய்விடும். நானும் எல்லோரோடும் சேர்ந்து ஆச்சரியப்பட்டு வாயைப் பிளந்தால் போதும். கட்டைவிரலை அழிக்கும் பொத்தான் வரை கொண்டுபோய்விட்டேன். அப்போது எனக்கே ஒரு கேள்வி வந்தது. சர்வேயர் அளக்கும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான் அல்லவா? அப்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வேன்? அந்த முகத்தை ஒத்திகை பார்க்க என்னால் முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நண்பன் மதியச் சாப்பாடு முடித்துத் தன் வீட்டு முன்னறையில் கட்டம் போட்ட நோட்டில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு எத்தனை டைல்ஸ் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

“வாடா. புதங்கெழம லீவு போட்டுட்டியா? தபால்காரர் மூஞ்சிய நேர்ல பாக்கணும்ல?” என்றான்.

நான் உட்காரவில்லை. “ஒன் நெலத்தத் தின்னது அவரில்லடா. நான்தான்” என்று சொல்லிக் கைபேசியை நீட்டினேன். எப்படி எப்படியோ ஆரம்பிக்க வேண்டும் என்று வழியில் யோசித்ததெல்லாம் போய்விட்டது.

அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான். பாட்டு ஓடியது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, ஆனால் அதற்குள் யாரும் இல்லை. இரண்டாம் முறை ஓடவிட்டான். மூன்றாம் முறை பாட்டை நிறுத்திவிட்டு ஓடவிட்டான். சத்தம் இல்லாமல் நான் வலதுபக்கம் தாவித் தாவிப் போவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

என் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் தன்னுடையதை எடுத்தான். பூப்பந்துக் குழுவைத் திறந்து விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். நெடுநேரம் தள்ளினான். என்ன தேடுகிறான் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். என்னுடைய பழைய காணொளி. அதற்குக் கீழே முதல் ஆளாக அவன் போட்ட பதில்: மூன்று கைதட்டல்.

“வருஷா வருஷம் போட்டுருக்கேன்” என்றான். “ஒரு வருஷம் ‘சூப்பர் கட்டிங்’னு வேற எழுதிருக்கேன்.”

எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. “நான் வேணும்னு பண்ணலடா. சத்தியமா எனக்குத் தெரியாது” என்றேன்.

அவன் நோட்டை மூடினான். பேனாவை மூடினான். நாற்காலியை விட்டு எழுந்து நின்றான்.

“சரிங்க” என்றான்.

அறைந்திருந்தால்கூட நான் அப்படி ஆடிப்போயிருக்க மாட்டேன். அவன் வீட்டுக்குள், நாங்கள் இரண்டே பேர் இருந்த இடத்தில், என் அப்பா செத்து ஆறு வருஷத்துக்குப் பிறகு, ‘சரிங்க’.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வெளியே நடந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை, பின்னால் போனேன். தபால்காரர் வீட்டில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நண்பன் வாசலில் நின்றபடியே, “ஐயா, தப்பு எம்மேல. ஒங்களப் போய்த் தப்பா நெனச்சுட்டேன். பத்திரிக வைக்காததுக்கும் மன்னிச்சிருங்க” என்றான். நடந்ததை நான் சொன்னேன். மதகடியில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நண்பனைப் பார்த்து, “நீ உள்ள வாப்பா, உக்காரு” என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“தம்பி, நீங்க மதகுல வச்சு ஏழெட்டுப் பேரு கேக்கப் பேசுனீங்க. இப்ப எங்க வீட்டுக்கு வந்து என் காதுல மட்டும் சொன்னா எப்படி?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நாற்பத்தாறு வயதில் என் காது சிவந்து சுட்டது.

மறுநாள் காலை டீக்கடையில், பூப்பந்துக் குழு மொத்தமும் இருக்கையில், எழுந்து நின்று சொன்னேன். மனு எழுதியதும் நான், மண்ணை எடுத்ததும் நான், ஏசியது மட்டும் அவரை என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும், “கலோரி கணக்கெல்லாம் கரெக்டா வச்சிருந்தியேப்பா” என்றார். சிரிக்க வேண்டிய பேச்சுதான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நண்பன் அன்று ஆட வரவில்லை.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். புலப்படத்தை விரித்து, செயினைப் பிடித்து, கம்பத்துக்கு நேராக எங்கள் வயலுக்குள் ஒரு இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் எல்லைக்கல் தலையைக் காட்டியது. எட்டடி நாலு அங்குலம். வரப்பின் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் நூறு குழியில் பன்னிரண்டு குழிக்குச் சற்றுக் குறைவு. கிழக்குப் பக்கத்து வரப்பு போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. சர்வேயருக்கு இதெல்லாம் புதிதில்லை. “எங்க போனாலும் இதே கதைதாங்க” என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

நண்பனிடம், ஆளை வைத்து வரப்பைப் பழைய இடத்தில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“ஆளு வேணாங்க” என்றான். “நீங்கதான் வெட்டுனீங்க. நீங்களே போடுங்க. நான் கயிறு புடிக்கிறேன்.”

மோட்டார் தண்ணீரை விட்டு மண்ணை ஊற வைத்து, மூன்று காலை வேலை செய்தேன். கல்லிலிருந்து கம்பம் வழியாக அவன் கயிறு கட்டினான். நான் நகர்ந்த வரப்பை உடைத்து, மண்ணை அள்ளி வந்து கயிற்றோரம் போட்டேன். அடுத்தது, நான் எட்டு வருஷம் ஏமாற்றிய வேலை. குனிந்து சேற்றை அள்ளி அணைத்து, உள்ளங்கையால் மெழுகினேன். இருநூறு அடி. இடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வளைந்த இடத்தில் அவன் கயிற்றைச் சுண்டுவான், நான் பிரித்துத் திரும்பப் போடுவேன். மண்வெட்டியை அவன் தொடவே இல்லை. என் அப்பா நின்று வேலை வாங்கிய இடத்தில் அவன் நிற்கிறான், அவன் அப்பா குனிந்த இடத்தில் நான் குனிகிறேன் என்று இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அது பழிவாங்கல் என்று நினைக்கவும் முடியவில்லை. அவன் முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை.

மூன்றாம் நாள் பத்து மணிவாக்கில் வேலை முடிந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே புது வரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தான். நான் சேற்றுக் கையோடு நின்றேன். ஏதாவது திட்டுவான், திட்டிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது.

“இந்தக் கம்பம் நட்டதுலேருந்து பதினாறு வருஷம் எங்கப்பாதான் இந்த அண்டைய வெட்டுனாரு” என்றான். “அப்ப ரெண்டு பக்கமும் ஒங்க வயலுதான். ஒரு மொழம் நகர்ந்திருந்தாலும் யாரும் கேக்கப் போறதில்ல.”

கயிற்றை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“நகரலைங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.